முன்வரிசையில் ஆர் நிப்பான்?

இத்தாலியில், இந்தப் பலெர்மோவில், என்னை யாரும் சுகம் கேட்பதில்லை. அல்பெர்கேரியாச் சந்தையில் நான் மீன் வாங்குகிற கடைக்காரன், ஆவணி பிறந்துவிட்டால், செதில் தட்டிக்கொண்டே "முன்னுக்கு ஆரை வச்சிருக்கிறாய்?" என்றுதான் கேட்பான். முதல் வருடம் இதை வீட்டு முன்னறையில் யார் குடியிருக்கிறார்கள் என்ற விசாரணையாக எடுத்துக்கொண்டு, மன்னார்ப் பெடியன்கள் இரண்டு பேர் என்று உண்மையைச் சொன்னேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். பிறகு அவர்கள் எந்த அணிக்கு ஆடுகிறார்கள் என்று கேட்டான்.

அவன் கேட்டது ஃபந்தகால்ச்சோ என்கிற விளையாட்டைப் பற்றி. ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டும். பத்து ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, நாட்டின் முதற்தர அணிகளில் ஆடுகிற உதைபந்தாட்டக்காரர்களை இல்லாத பணம் கொடுத்து ஏலத்தில் எடுப்பார்கள். எடுக்கப்பட்டவனுக்கு இது தெரியாது. அவன் ஞாயிற்றுக்கிழமை நிஜ மைதானத்தில் ஆடுவான். மறுநாள் ரோஸ் நிறப் பத்திரிகை ஒன்று அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடும். கோல் அடித்திருந்தால் மேலே மூன்று. இவற்றைக் கூட்டிப் பார்த்து இந்தப் பத்துப் பேரும் தங்களுக்குள் வெல்வார்கள், தோற்பார்கள், மச்சானோடு கதைக்காமல் விடுவார்கள். இல்லாத அணிக்குச் சொந்தக்காரனாக இருக்க இந்த நாட்டில் எந்தப் பத்திரமும் தேவையில்லை. இரண்டு காலில் நிற்கிற என்னிடம்தான் நீ இருக்கிறாயா என்று எழுத்தில் கேட்கிறார்கள், அந்த வதிவிட அனுமதிக்குப் பெயர் பெர்மெஸ்ஸோ.

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் ஒரு வயதான அவ்வொக்காத்தோவைப் பராமரிக்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்து என்போமே, அந்த வழக்கறிஞரேதான். பெயரைக்கூட மாற்றத் தேவையிருக்கவில்லை. அவருக்குக் கண் முக்கால்வாசி போய்விட்டது. அதனால் தினமும் காலையில் குளிக்கவார்த்து, கோப்பி கொடுத்து, அந்த ரோஸ் பத்திரிகையை வாசித்துக் காட்டுவது என் வேலை. நான் இத்தாலியன் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பத்திரிகைதான். சந்தையில் விலை பேச எனக்குச் சொல் போதாது, ஓப்சைட் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். திங்கட்கிழமைகளில் உள்ளூர் அணியின் புள்ளிகளை வாசிக்கும்போது ஆளுக்கு அரைப் புள்ளி கூட்டி வாசிப்பேன். உள்ளபடி வாசித்தால் கிழவர் மத்தியானம் சாப்பிடமாட்டார்.

அவருடைய மகனை எல்லோரும் தொத்தோரே என்பார்கள். வந்த புதிதில் நானும் டொக்டர் என்று நம்பி என் முதுகுநோவை அவருக்கு விவரமாகச் சொன்னேன். அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு காப்புறுதிப் பத்திரத்தை நீட்டினார். பட்டம் படித்த எல்லோரும் இங்கே தொத்தோரேதான். இந்தத் தொத்தோரே தன் ஃபந்தகால்ச்சோ வட்டத்தில் மூன்று வருடமாய்ப் பத்தாம் இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுக்காதவர்.

என் மனைவி ராணியும் மகளும் அப்போது கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட, எனக்கு வேலை தந்த வீட்டாரில் ஒருவர் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். சிஞ்ஞோரா, அதாவது அப்புக்காத்துவின் மனைவி, அந்தக் கடிதத்தை உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பார்ப்போம் என்றார், பிறகு கடற்கரைக் காலத்துக்குப் பிறகு என்றார். பெண்சாதி வந்தால் நான் வேலை நேரம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடுவேன் என்பது அவர் பயம். அது நியாயமான பயம்தான். ஆவணியில் தொத்தோரே என்னைச் சமையலறையில் பிடித்தார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பாஷையிலேயே எழுதுகிறேன்.

"சிவா, நீ ஒவ்வொரு நாளும் பத்திரிகை வாசிக்கிறாய். வடக்கிலை கோலாய் அடிச்சுத் தள்ளின அந்த மூடுபனி ஊர் அணியின்ரை முன்வரிசையைப் பாத்துச் சொல்லு, ஆரை எடுக்கலாம் எண்டு. நான் அம்மாவிட்டைக் கையெழுத்து வாங்கித் தாறன். ஏலம் சனிக்கிழமை. திங்கள் உன்னோடை குவெஸ்தூராவுக்கும் வாறன்."

குவெஸ்தூரா என்றால் பெர்மெஸ்ஸோ தருகிற பொலிஸ் கந்தோர். அங்கே ஒரு வெள்ளைக்காரன் பக்கத்தில் நின்றால் எப்படியிருக்கும் என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் எதிர்காலம் வடக்கே எங்கோ ஓர் ஊரின் சென்ரர் போர்வேட்டில் தொங்குவது எனக்கு வினோதமாகப் படவில்லை. எங்களுடைய எதிர்காலம் இதைவிட மெல்லிய இடங்களிலெல்லாம் தொங்கியிருக்கிறது.

பழைய பத்திரிகைகளைச் சமையலறையில் கண்ணாடி துடைக்க அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த அணியின் நட்சத்திரம் ஒரு தென்னமெரிக்கன், நெட்டையன். போன பருவத்தில் அவன் அடித்த கோல்களைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. நான் கோலைப் பார்க்கவில்லை, பந்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். பாதிக்குமேல் தலையால் அடித்தவை. அந்தப் பந்துகளை இடது ஓரத்திலிருந்து தூக்கிக் கொடுத்தவனை ஆனியில் வேறு அணிக்கு விற்றுவிட்டார்கள். புதிய பயிற்சியாளருக்குப் பந்து தரையில் ஓடவேண்டும். பெனால்டியை நெட்டையன் இரண்டு தரம் வானத்துக்கு அடித்தபின், கோடைகாலச் சிநேகித ஆட்டங்களில் அதை அடித்தவன் ஒரு மொட்டைத்தலைப் பின்வரிசைக்காரன். பின்வரிசைக்காரனைக் கோலுக்காக யாரும் ஏலத்தில் எடுக்கமாட்டார்கள், சும்மா கிடைப்பான்.

ஆனால் என் உண்மையான முறை இதுவல்ல. ஊரில் ஐந்து வருடம் எங்கள் கழகத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்தவன் நான். அந்தக் காலத்தில் ஒரு முன்வரிசையை எடைபோடுவதென்றால் யார் நன்றாக அடிப்பான் என்பதல்ல கேள்வி, சனிக்கிழமை யார் இருப்பான் என்பதுதான். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்த சென்ரர் போர்வேட் சனிக்கிழமை ஜேர்மனிக்குப் போகும் வழியில் இருப்பான். ஒருவனைத் தாய் இரவோடிரவாகக் கொழும்புக்கு ஏற்றிவிடுவாள், இன்னொருவன் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போய்விடுவான். ஆகவே கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டிலொன்று எழுதுவேன்: நிப்பான், அல்லது நிக்கமாட்டான். சப்பாத்து புதிதா, காணி ஈடு வைத்தார்களா, பாஸ்போட் படம் எடுத்தானா என்று பார்த்து எழுதுவேன். பெரும்பாலும் பிழைக்காது. ரைட் அவுட் ஆடிய ஒருவன் பால் வாங்கப் போன காலையில் சந்தியில் ஷெல் விழுந்தது. அவனுக்கு நேரே நான் நிப்பான் என்று எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த முறையையே நெட்டையனுக்கும் வைத்தேன். மூன்று வருடமாய் அந்த ஊரில் இருக்கிறான், வீடு வாங்கவில்லை, வாடகை. மனைவி வரவில்லை. ஊர் எப்படி என்று நிருபர் கேட்டால் "அமைதியான ஊர்" என்கிறான். பிடிக்காத ஊரைத்தான் ஒரு மனிதன் அமைதியான ஊர் என்பான், ராணிக்கு நான் எழுதிய கடிதங்களில் பலெர்மோ மிகவும் அமைதியான ஊர். போன மார்கழி நத்தார் விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் தாய்க்குச் சுகமில்லை என்று ஐந்து நாள் பிந்தித் திரும்பினான். புதுக் கொப்பி ஒன்றில் எழுதினேன்: நெட்டையன், நிக்கமாட்டான். மொட்டையன், நிப்பான்.

தொத்தோரே சிரித்தார். "இவ்வளவு கோல் அடிச்சவன், அம்மாவை நினைச்சு ஓடிப்போவானோ?"

"ஓம், நத்தாருக்குப் போனா வரமாட்டான்."

"எப்பிடித் தெரியும்?"

"வீட்டுச் சாமானைப் பெட்டியிலயிருந்து எடுக்காதவன் மாதிரிக் கதைக்கிறான்," என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. அவர் பிறந்த கட்டிலிலேயே இன்னமும் படுப்பவர்.

சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தார்கள். நான் தட்டோடு கோப்பி கொண்டுபோனேன். நெட்டையனின் பெயர் வந்ததும் தொத்தோரேயின் கழுத்து சிவந்தது. எதிரே இருந்த அவர் மச்சான் விலையைக் கூட்டினார், இவரும் கூட்டினார். நான் வேண்டுமென்றே ஒரு கரண்டியைக் கீழே போட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே கையிலிருந்த கற்பனைப் பணத்தில் முக்கால்வாசியைக் கொட்டி நெட்டையனை எடுத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசியில் மிஞ்சிய சில்லறைக்கு, வேறு யாரும் வேண்டாமென்ற மொட்டையனும் இவர் பக்கம் வந்தான். மனிதர்களுக்கு ஆலோசனை தேவைப்படுவது அதைக் கேட்டோம் என்று சொல்வதற்குத்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை தொத்தோரே எழும்பவில்லை. வெற்றியைக் கொண்டாடித் தலையிடி. சிஞ்ஞோராவிடம் கையெழுத்து வாங்க மறந்துபோனாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய சேர்ட்டை இஸ்திரிப்பெட்டியால் பொசுக்கியிருப்பேன், பிறகு வேறு சேர்ட்டையும் நான்தான் மினுக்கவேண்டும். குவெஸ்தூராவில் கேட்டு எடுத்திருந்த தவணை நாளை விட மனமில்லாமல், கையெழுத்தில்லாத கடிதத்தோடு தனியே போனேன். மூன்று மணி நேர வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் கடதாசிகளைப் புரட்டிவிட்டுத் தலையைத் தூக்காமல் கேட்டார்: "நீயா தித்தொலாரே?"

எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். ரோஸ் பத்திரிகையில் தினமும் வருவதுதான். தித்தொலாரே என்றால் முதல் பதினொருவரில் நிற்பவன், வெளியே வாங்கில் இருப்பவன் ரிசேர்வா. இந்த நாட்டில் என்னைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? தன்னடக்கத்தோடு உண்மையைச் சொன்னேன். "இல்லை ஐயா, ரிசேர்வா."

அவர் கேட்டது இந்தப் பெர்மெஸ்ஸோவுக்கு உரியவன் நீயா என்று. கந்தோரில் தித்தொலாரே என்றால் உரியவன் என்பதை எந்தப் பத்திரிகையும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வேறு யாருக்கோ பதிலாக வந்திருக்கிறேன் என்று எண்ணிக் கடதாசிக் கட்டைத் திருப்பித் தந்தார். உரிய ஆள் நேரில் வரட்டும், கையெழுத்தோடு. அடுத்த தவணை மூன்று கிழமை கழித்து. நான் விளக்கத் தொடங்கியபோது என் பின்னால் நின்றவர் ஏற்கெனவே முன்னால் நின்றார்.

அன்று பின்னேரம் ராணி டெலிபோனில் கேட்டாள். "என்ன மாதிரி? சரிவந்திட்டுதோ?"

"ஒரு சொல்லாலை மூண்டு கிழமை பிந்திப் போச்சு."

"என்ன சொல்?"

"தித்தொலாரே. முதல் பதினொண்டிலை நிக்கிறவன் எண்டு நினைச்சிட்டன்."

 அவள் மெதுவாகக் கேட்டாள்: "இஞ்சை லொட்ஜ்காரர் இந்த மாதத்தோடை எழும்பச் சொல்லுறார். நீங்கள் அங்கை பந்தடிச்சுத் திரியிறியளோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் அப்புக்காத்து என் குரலைக் கேட்டே ஏதோ நடந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். ரிசேர்வா என்ற இடத்தில் அவர் சிரித்துச் சிரித்து இருமினார், நான் முதுகைத் தடவிவிட்டேன். இருமல் நின்றதும் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார், பேனையையும்.

"வாசி," என்றார். வாசித்தேன்.

"உள்ளதை உள்ளபடி வாசிச்சியோ? எங்கடை பெடியளுக்கு நீ அரைப் புள்ளி கூட்டி வாசிக்கிறது எனக்குத் தெரியும்."

என் காது சுட்டது. "இதிலை கூட்டேல்லை, அப்புக்காத்து. உள்ளபடிதான்."

"அப்ப சரி. கூட்டினதுக்கும் நன்றி," என்றார். நான் அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தேன், அவர் கையெழுத்து வைத்தார். அது கோட்டை விட்டு மேலே ஏறிப் போனது. சிஞ்ஞோரா வாசலில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. மூன்று கிழமை கழித்து அதே உத்தியோகத்தர் அதே கேள்வியைக் கேட்டபோது, "நான்தான் தித்தொலாரே" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னேன். லொட்ஜ்காரர் ஒவ்வொரு மாதமும் முறுமுறுத்தபடி அவர்களை இருக்கவிட்டார்.

நெட்டையன் நத்தாருக்குப் போனான். தாய்க்குச் சுகமில்லை. தை மாதம் முழுக்க வரவில்லை, பிறகு வரவே மாட்டேன் என்று கடிதம் எழுதினான். மொட்டையன் தன்பாட்டில் பெனால்டி அடித்துக்கொண்டிருந்தான், இருந்தும் தொத்தோரே தன் பத்தாம் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். நெட்டையனுக்கு நான் கண்ணூறு வைத்துவிட்டேன் என்று இன்றும் மேசையில் சொல்லித் திரிகிறாராம்.

ராணியும் மகளும் மாசியில் வந்தார்கள். வந்த மூன்றாம் நாள் அலுமாரி துடைத்தபோது ராணி அந்தக் கொப்பியை எடுத்தாள். கால்பந்துக்காரர் பட்டியலை முழுதாக வாசித்துவிட்டு, "இவையெல்லாம் ஆர்? விசா கிடைக்காத ஆக்களோ?" என்று கேட்டாள். விளக்கினேன். ஊரில் நான் வைத்திருந்த கொப்பி அவளுக்கு ஞாபகம் இருந்தது. சிரிக்கவில்லை.

"உங்கடை பேரைக் காணேல்லை," என்றாள்.

பட்டியலின் அடியில் என் பெயரை எழுதினேன், சிவா என்றல்ல, சிவபாதசுந்தரம் என்று முழுதாக. அதற்கு நேரே எதை எழுதுவது என்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பார்த்தறியாத ஒரு தென்னமெரிக்கனை மாதக் கணக்கோடு பிழையில்லாமல் கணித்தவன் நான். கதிரைக்குக் கீழே என் பெட்டி கிடந்தது, நாலு வருடமாய் அதன் அடியிலிருக்கிற சாமானை நான் வெளியே எடுத்ததில்லை.

ராணி பேனையை வாங்கி, "நிப்பார்" என்று எழுதினாள். மரியாதையோடு, எழுத்துப் பிசகாமல். அரைப் புள்ளி கூட்டித்தான் போட்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.