பாலத்தின் கண்ணுக்குள் கேட்ட வெள்ளம்

பேய், பிசாசு என்று எவராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். மூன்று தலைமுறையாக நாங்கள் கிறிஸ்தவச் சபைக்காரர்கள், அதெல்லாம் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு. அதோடு எனக்குக் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களைப் பற்றிக் கவலைப்படவே நேரம் போதாது. ஓட்டில் ஒரு விரிசல் கண்டால் அன்றைக்கு உறக்கம் போச்சு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்பாவிட்டாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். திருவனந்தபுரத்துப் பழைய பாலங்களைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று போன வாரம் பேப்பரில் வாசித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்கள் தமிழர் பக்கமா மலையாளிகள் பக்கமா என்று எல்லைப் போராட்டம் நடந்த காலம். எங்கள் ஊருக்கும் பாறசாலைக்கும் நடுவே ஒரு சின்ன ஆறு, அதன்மேல் ராஜா காலத்தில் கட்டின இரண்டு கண் கல்பாலம், கண் என்றால் ஆறு நுழைந்து போகிற வளைவு. போலீஸ் வண்டிகள் ஓடி ஓடி, கல்லுக்கு நடுவே இருந்த சுண்ணாம்பு உதிர ஆரம்பித்திருந்தது. புதுப்பிக்கச் சொல்லி மராமத்து இலாகாவிலிருந்து உத்தரவு வந்தது, ஆனால் ஆள் கிடைக்கவில்லை. ஒரு நாள் கடையடைப்பு, ஒரு நாள் தடையுத்தரவு. வேலைக்குப் போகிற வழியில் நாலு பேர் நிறுத்தி நீ தமிழனா மலையாளியா என்று கேட்பார்கள், திரும்பி வரும்போது வேறே நாலு பேர் அதையே கேட்பார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பாஷையும் பேசுகிற எங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துப் போயிற்று.

என் அக்காவுக்கு அது ஒன்பதாம் மாசம். அத்தான் பாலராமபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்தவர், கடையடைப்பில் அந்த வேலை நின்றுபோக, நான்தான் மேஸ்திரியிடம் கெஞ்சி அவரைப் பாலத்து வேலையில் சேர்த்தேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "கொண்டு போனது நீயாக்கும். முழுசாக் கொண்டு வந்து விடணும்" என்று சொல்லியிருந்தாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், நான்தான் அதை ராவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்மூட்டை அடுக்கி ஆற்றை ஒரு கண் வழியாகத் திருப்பிவிட்டு, காய்ந்த கண்ணுக்குள் தென்னந்தடியால் முட்டுக் கொடுத்து, ஐந்து பேர் உள்ளே நின்று பழைய சாந்தைச் சுரண்டுவார்கள். நான் கரையில் நின்று புதுச் சாந்து குழைப்பேன். குழைத்தபடியே உள்ளே போகிற தலையையும் வெளியே வருகிற தலையையும் எண்ணுவேன். ஐந்து போச்சு, ஐந்து வந்தது என்றால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில், உள்ளே சுரண்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் ஓய்ந்திருந்தது. கண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"வெள்ளம்... வெள்ளம்..."

எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர், தமிழ் பேசினாலும் மலையாளம் பேசினாலும் அதே சொல்தான். அந்தக் குரல் கத்தவில்லை. நாள் முழுக்கக் கேட்டுப் பார்த்து, இனிக் கிடைக்காது என்று தெரிந்தும் கேட்கிற ஒருவனுடைய குரல் போல இருந்தது. அத்தானாகத்தான் இருக்கும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நான் போய்ச் சேருமுன்னே உள்ளேயிருந்து கொத்தனார் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். அவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர், அவர் ஊரில் வெள்ளம் என்றால் ஆறு பெருகி வருவதுதானே.

"ஏல, வெள்ளம் வருதுன்னு ஒருத்தன் சொல்லுதான், உங்களுக்குக் காது இல்லையா? மேல ஏறுங்கல."

மற்ற நாலு பேரும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். இங்கே வந்து இத்தனை மாசமாகியும் இந்த மனுஷனுக்கு வெள்ளம் பிடிபடவில்லை என்று ஒருவன் கேலி பண்ணினான். "மக்கா, முதல்ல கொத்தனாருக்கு ரெண்டு செம்பு வெள்ளம் குடு, குடிச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும்" என்றான் இன்னொருவன்.

நான் அத்தானிடம் குடத்தை நீட்டினேன். "எனக்கு எதுக்கு? நான் கேக்கல்லியே" என்றார். அப்படியானால் யார் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தேன். ஒருவரும் தண்ணீருக்குக் கேட்டிருக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் ஐந்து பேர் காதிலும் விழுந்திருக்கிறது, ஒவ்வொருவரும் பக்கத்து ஆள் என்று நினைத்திருக்கிறார்கள்.

அப்போது மறுபடியும், ஆளில்லாத அந்தக் கண்ணுக்குள்ளிருந்து, வெள்ளம் என்று கேட்டது.

அத்தான் குடத்தை வாங்கினார். "போலீசுக்குப் பயந்து எவனோ ஓடி வந்து ஒளிச்சிருக்கான். பாவம், குடுத்திட்டு வாறேன்."

உள்ளே ஒளிய இடமே கிடையாது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். ஐந்து தலையும் என் முன்னால் நிற்கிறது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள ஆருமில்ல அத்தான். போக வேண்டாம்."

"தாகத்துக்குக் கேக்கியவனுக்கு இல்லேன்னு செல்லப்பிடாது. விடு மக்கா."

அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். எனக்கு அக்காவின் முகம்தான் தெரிந்தது. குடத்தைப் பிடுங்கிக்கொண்டு கரைமேல் ஓடினேன், அவர் வைதுகொண்டே பின்னால் ஏறினார், மச்சான்மார் சண்டையை வேடிக்கை பார்க்க மற்றவர்களும் ஏறினார்கள்.

ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. மலையில் எங்கேயோ பெய்த மழை, எங்களுக்கு ஒரு தூறல்கூட இல்லை, ஆறு செம்மண் நிறத்தில் திரண்டு வந்து மண்மூட்டைகளைப் புரட்டிவிட்டது. தென்னந்தடி முட்டுகள் ஒவ்வொன்றாய் முறிகிற சத்தம் கேட்டது. நாங்கள் நின்ற கண் மேல்வளைவுவரை நிறைந்துவிட்டது.

கொத்தனார் தரையில் உட்கார்ந்து அழுதார். ஏதோ ஒரு நல்ல ஆத்மா எச்சரித்துக் காப்பாற்றியது என்று அவர் சொன்னதையே ஊரும் சொன்னது. அதிலும் டீக்கடையில் வழக்கு வந்தது, அது சொன்னது தமிழா மலையாளமா என்று. அந்த வருஷத்தில் ஆத்மாவைக்கூட விடவில்லை. பிறகு அக்காவுக்குப் பெண் பிறந்தது, பாலத்தைச் சிமெண்ட் போட்டுப் புதுப்பித்தார்கள், அத்தான் தறிக்கே திரும்பிப் போனார்.

எச்சரிக்கை என்று நானும் நம்பியிருப்பேன். ஆனால் அன்றைக்கு மற்றவர்கள் மேஸ்திரியிடம் சொல்ல ரோட்டுக்கு ஓடின பிறகு, நானும் அத்தானும் மட்டும் கரையில் நின்றோம். கண்ணுக்குள் ஒரு மூச்சு விடக்கூட இடம் இல்லை, முழுக்கத் தண்ணீர். அதற்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. அதே தூரம், அதே அலுப்பு.

"வெள்ளம்..."

எல்லோரும் கரையேறின பிறகு யாரை எச்சரிக்க வேண்டும்? அத்தான் என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த குடத்தை வாங்கி, பாலத்தின் கண்ணோரமாக முழுசும் ஊற்றினார். அவ்வளவு பெரிய ஆற்றில் அந்த ஒரு குடம். அதற்கப்புறம் குரல் வரவில்லை.

அந்தக் கண்ணுக்குள் நாங்கள் ஒரு மாசத்துக்கு மேல் வேலை செய்திருந்தோம். சுரண்டுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. தண்ணீர்க் குடம் எப்போதும் கரையில், என் பக்கத்திலேயேதான் இருந்தது. அந்தக் குரல் எத்தனை நாளாக வெள்ளம் கேட்டுக்கொண்டிருந்ததோ, எனக்குத் தெரியவில்லை.