வெர்லின் தும்மினால் வான்கோழி கத்தும்

என் சகலை வெர்லின் ஸ்டாக்ஸ்டிலுக்குப் பனிக்காலம் முழுக்க ஒரு தும்மல் வராது. வீடு வீடாகப் போய் கேஸ் டாங்க் நிரப்புகிற லாரி அவருடையது. கொட்டும் பனியில் வெறுங்கையோடு குழாய் மாட்டுவார், மூக்கு ஒழுகாது. ஏப்ரலில் ஓக் மரம் பூத்து மஞ்சள் தூள் காற்றில் கிளம்பியதோ இல்லையோ, ஆள் தீர்ந்தார்.

அது சாதாரணத் தும்மல் இல்லை. முதலில் வாய் திறக்கும். அப்புறம் கண் மூடும். அப்புறம் ஒன்றுமே நடக்காது. சரி, போய்விட்டது போல என்று நாம் விட்ட பேச்சைத் தொடரும்போது வெடிக்கும். ஒரு தடவை எங்கள் ஊர் உணவகத்தில் பரிமாறுகிற பெண் காப்பிக் குடுவையை அப்படியே கீழே போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தாலே அவள் குடுவையை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நிற்பாள். அவர் சாப்பிடத்தான் வாயைத் திறந்திருப்பார்.

மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை வான்கோழி வேட்டை. எங்கள் மிசௌரியில் அந்த வேட்டைக்கு அனுமதி கிடைப்பதும் இதே ஏப்ரலில்தான். யாரைக் குறை சொல்வது?

விடியும் நேரத்தில் மரக்கிளையில் அடைந்திருக்கும் சேவல் வான்கோழிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் பதிலுக்குக் கத்தாமல் இருக்க அதனால் முடியாது. இடி இடித்தாலும் கத்தும், கார்க் கதவை அறைந்து சாத்தினாலும் கத்தும். சேவல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் எல்லாரும் ஆந்தை மாதிரி கத்திப் பழகியிருக்கிறோம். வெர்லினுக்கு அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை. அவர் ஒரு தும்மல் போட்டால் மூன்று மலை தாண்டியும் "கொளகொளகொள" என்று பதில் வரும்.

ஆனால் பதில் வாங்குவது வேறு, பறவையை வாங்குவது வேறு. சேவல் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதற்கு ஒரு மேட்டுக்கு இந்தப்பக்கம் போய் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, மரப்பெட்டியை உரசிப் பெட்டை மாதிரி கூப்பிட்டு, அது தோகையை விரித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்து வர வேண்டும். கண் சிமிட்டினால்கூடத் தெரிந்துகொள்ளும் பறவை அது. வெர்லினுக்கு அந்த நேரத்தில்தான் வாய் திறக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து வருஷா வருஷம் போகிறார், ஒரு இறகு கொண்டுவந்ததில்லை.

கைக்குட்டையிலும் ஒரு சிக்கல் இருந்தது. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அரசாங்கக் காட்டில் யார் யாரோ துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். புதருக்குள்ளிருந்து வெள்ளைத் துணியை உதறுவது, என்னைச் சுடு என்று சொல்வதற்குச் சமம். அதனால் அவர் மனைவி, என் மதினி ரோண்டா, அவருடைய கைக்குட்டை அத்தனையையும் வால்நட் தோலைக் கொதிக்க வைத்துப் பழுப்புச் சாயம் போட்டுவிட்டாள். தேவாலயத்தில் ஒரு கல்யாணத்தின்போது வெர்லின் அதில் ஒன்றை எடுத்து விரித்தார். பின்வரிசையே எழுந்து இடம் மாறியது.

காட்டுக்குள் போகும் மண்பாதை முடிகிற இடத்தில் வண்டி நிறுத்தக் கொஞ்சம் சரளைத் தரை உண்டு. அங்கே முதலில் வந்து நிறுத்துகிறவருக்கு அந்தப் பக்கத்துக் காடு, அடுத்தவர் வேறு இடம் பார்த்துப் போக வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத மரியாதை. வெர்லின் விஷயத்தில் அந்த மரியாதை காற்றில் போனது. அவர் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே இன்னும் நாலு வண்டி நிற்கும். எல்லாரும் காப்பியைக் குடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள். அவர் தும்முவார். மலையில் சேவல் கத்தும். டாய்ல் ஓடுவான்.

டாய்ல் கட்பர்த் எங்கள் ஊர் முடிதிருத்துகிறவன். ஒல்லி, காலில் ஸ்பிரிங் வைத்த ஆள். வெர்லின் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் அவன் மேட்டைத் தாண்டியிருப்பான். இன்னொருவர் எங்கள் போதகர் லீமன். அவர் ஓடமாட்டார், நல்ல மனிதர். ஆனால் யார் தும்மினாலும் "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக!" என்று பிரசங்கக் குரலில் முழங்காமல் அவரால் இருக்க முடியாது. தும்மலுக்குக் கத்துகிற சேவல், ஆசீர்வாதத்துக்கும் ஒரு தரம் கத்தும்.

ஒரு வருஷம் வேட்டை தொடங்கிய அன்றே டாய்ல் ஒரு பெரிய சேவலை அடித்துவிட்டான். அதோடு விட்டானா? வெர்லின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பறவையைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

"உங்க மூக்குக்குக் கோடி நன்றிண்ணே! இந்தத் தாடியப் பாத்தீங்களா, நெஞ்சுலேருந்து எம்மாம் நீளம் தொங்குது!"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான்டா தெரியுது" என்றார் வெர்லின்.

"நாளைக்கும் வருவீங்கல்ல? வெறும் வயித்துல வந்துராதீங்க. போன வாட்டி தும்மல் கொஞ்சம் சோகையா இருந்துச்சு."

அன்று சாயந்திரம் வெர்லின் தட்டில் வைத்த மக்காச்சோள ரொட்டியைத் தொடவில்லை. ரோண்டா மருந்துக்கடைக்குப் போய் ஒவ்வாமை மாத்திரை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

மறுநாள் நானும் அவரோடு போனேன். சரளைத் தரையில் கூட்டம் வழக்கம்போலக் காத்திருந்தது. வெர்லின் இறங்கினார். வண்டிமேல் சாய்ந்து நின்றார். ஓக் தூள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பறக்கிறது, மனிதர் அசையவில்லை.

"என்னண்ணே, இன்னிக்கு லேட்டு?" என்றான் டாய்ல்.

"எது?"

"அதான்..."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

கிழக்கே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. டாய்லுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டிக்குள் தேடி, உணவகத்திலிருந்து எடுத்து வந்த மிளகுத்தூள் பொட்டலம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான்.

"லேசா மோந்து பாருங்க. ஊருக்காக."

"அத உன் மூக்குலயே கொட்டிக்கடா!"

"டாய்ல், வற்புறுத்தாதே. தானா வரணும்" என்றார் போதகர். அவரும் ஆசீர்வாதத்தை வாயில் தயாராக வைத்துக்கொண்டு வெர்லினையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் டாய்ல் ஆந்தைக் குரல் கொடுத்தான். அவன் வருஷக்கணக்காக வெர்லினின் மூக்கை நம்பியே இருந்ததால் குரல் துருப்பிடித்துக் கிடந்தது. நிஜ ஆந்தை ஒன்று பறந்து வந்து, அவன் தலைக்கு மேல் கிளையில் உட்கார்ந்து, அவனை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனது. சேவல் ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கலைந்து ஆளுக்கொரு திசையில் போனது.

நானும் வெர்லினும் மேட்டின் உச்சிக்கு ஏறினோம். அவர் ஒரு பெரிய ஓக் மரத்தில் சாய்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். நான் கொஞ்சம் கீழே இன்னொரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. மூக்கு வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், பாவம். பெட்டியை ஒரு தடவை உரசினார். இரண்டாம் தடவை கை பாதியில் நின்றுவிட்டது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மாத்திரை வேலையைக் காட்டிவிட்டது.

பிறகு குறட்டை ஆரம்பித்தது.

தோகை விரித்த சேவல் நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் உறுமல் விடும். காதில் கேட்பதைவிட வயிற்றில்தான் அதிகம் தெரியும், தூரத்தில் லாரி ஏற்றம் ஏறுகிற மாதிரி. வெர்லினின் குறட்டை அச்சு அசல் அதேதான். முதலில் "ப்ட்" என்று ஓர் ஓசை, அப்புறம் "ம்ம்ம்ம்ம்". நான் எழுந்து போய் அவரை உலுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, புதருக்குப் பின்னாலிருந்து இன்னொரு "ப்ட், ம்ம்ம்ம்ம்" வந்தது.

சேவல் ஒரு கொளகொளப்பும் இல்லாமல் வந்து நின்றது. இறக்கை நுனி தரையைக் கீற, உடம்பை ஊதிக்கொண்டு, தலை சிவந்து போய், பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனிதர் மாதிரி வெர்லினைச் சுற்றி நடந்தது. தன் பேட்டையில் எவனோ உறுமுகிறான் என்று சண்டைக்கு வந்திருக்கிறது! அவர் ஒரு குறட்டை விட்டால் அது ஓர் உறுமல் விட்டது. அவர் இழுத்து விட்டால் அதுவும் இழுத்து விட்டது.

என்னால் சுட முடியாது. பறவைக்கு நேர் பின்னால் என் சகலையின் வயிறு. என் மனைவி நடீனிடம் போய் உன் அக்கா புருஷனைச் சுட்டுவிட்டேன், ஆனால் வான்கோழி பெரியது என்று சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சேவல் அவருடைய பூட்ஸைக் கொத்தியது. அவர் காலை இழுத்துக்கொண்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம் ரோண்டா" என்றார். அது முழங்காலில் ஓங்கி ஓர் உதை விட்டது. வெர்லின் கண்ணைத் திறந்தார். ஒரு கை தூரத்தில் சேவலின் முகம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெர்லினின் வாய் மெல்லத் திறந்தது. கண் மூடியது. ஒன்றும் நடக்கவில்லை. சேவல் தலையைச் சாய்த்து அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

வெடித்தது.

சேவலுக்குப் பழக்கதோஷம், ஓடுவதை விட்டுவிட்டு அவர் மூஞ்சியிலேயே "கொளகொளகொள" என்றது. வெர்லின் பயத்தில் இன்னொன்று போட்டார். அதுவும் இன்னொரு தரம் கத்தியது. கீழே எங்கோ பள்ளத்திலிருந்து, "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக!" என்று குரல் வந்தது. அதற்கும் ஒரு தரம் கத்திவிட்டுத்தான் அது புத்தி வந்து பறந்தது. டாய்ல் மூச்சிரைக்க மேலே ஓடி வந்து சேர்ந்தபோது, வெர்லினின் மடியில் ஓர் இறகும் கன்னத்தில் கொஞ்சம் மண்ணும்தான் மிச்சம்.

"எங்க? எங்க?" என்றான் டாய்ல்.

"இப்பதான்டா பேசிட்டுப் போச்சு" என்றார் வெர்லின்.

அன்று மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் நான் நடந்ததைச் சொன்னேன். வெர்லின் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் குறட்டை விடல. மூச்சு விட்டேன்."

ரோண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "இருங்க தம்பி. குறட்டைக்கா வந்துச்சு? இந்தக் குறட்டைக்கா?"

"ஆமா மதினி. அதுவும் பதிலுக்கு விட்டுச்சு."

"கல்யாணமான நாள்லேருந்து இத காதுல பஞ்ச வச்சிக்கிட்டுக் கேட்டுட்டிருக்கேன். இதுக்கு ஒரு உபயோகம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே!" அவள் எழுந்து போய் அலமாரிக்கு மேலிருந்து அவள் அப்பாவின் பழைய துப்பாக்கியை இறக்கினாள். "சனிக்கிழமை நானும் வரேன்."

"நீ வந்து என்ன பண்ணப் போற?" என்றார் வெர்லின்.

"நீ தூங்கு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். வெர்லின் ஒரே மரத்தில் அவளோடு தோளோடு தோளாகச் சாய்ந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டார். தூக்கம் வரவில்லை. பக்கத்தில் ஒருத்தி எதிர்பார்த்திருக்கும்போது எப்படித் தூங்குவது?

"லாரி எண்ணெய் விலையப் பத்தி எங்கிட்டச் சொல்லு. நீ அதச் சொல்லும்போதுதான் எப்பவும் தூங்கிப்போவ" என்றாள் ரோண்டா. அவர் குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் போய்விட்டார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு அதே சேவல் வந்தது. பழைய கணக்கைத் தீர்க்க வந்தது என்று ரோண்டா இன்றைக்கும் சொல்வாள். இந்தத் தடவை அது வெர்லின் வரைக்கும் வரவில்லை. எதிர்ச்சரிவில் கழுத்தை நீட்டி உறுமிய இடத்திலேயே அவள் சுட்டாள்.

வெர்லின் துள்ளி எழுந்து, "யாரு கதவத் தட்டுறது?" என்றார்.

பறவையைப் பார்த்ததும் அவர் அதன் பக்கத்தில் போய் மண்டியிட்டு, வெண்கல நிறத்தில் மின்னிய அந்த முதுகை ஒரு விரலால் தடவினாராம். இத்தனை வருஷத்தில் அவர் தொட்ட முதல் சேவல். பிறகு தலையை நிமிர்த்தி, "நான்தானே கூப்பிட்டேன்?" என்று கேட்டாராம்.

"நீதான் கூப்பிட்ட."

"நீ சுட்ட."

"நான் சுட்டேன்."

"அப்ப தூக்கிட்டுப் போறது யாரு?"

டாய்ல் தூக்கிக்கொண்டு வந்தான். வெடிச்சத்தம் கேட்டு வழக்கம்போல ஓடி வந்தவன், ரோண்டா பார்த்த பார்வையில் மறுபேச்சில்லாமல் தோளில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்கள் வீட்டில் வறுத்த வான்கோழிக்குப் பஞ்சமில்லை. டாய்லும் ஒருநாள் காட்டில் படுத்துத் தூங்கிப் பார்த்தான். உடம்பெல்லாம் உண்ணி ஏறி ஒரு வாரம் சொறிந்துகொண்டே முடி வெட்டினான். அந்த வாரம் முடி வெட்டிக்கொண்டவர்கள் தொப்பியோடுதான் திரிந்தார்கள். போதகர் தும்மலுக்கு ஆசீர்வாதம் சொல்வதைக் காட்டில் மட்டும் மனதுக்குள் சொல்லப் பழகிக்கொண்டார், அவ்வப்போது தவறிவிடும். வெர்லின் வண்டி வந்து நின்றால் இப்போது எல்லாரும் காப்பியை ஓசையில்லாமல் குடித்துவிட்டு, கார்க் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, நுனிக்காலில் நடக்கிறார்கள்.

இன்றுவரை வெர்லின் தன் கையால் ஒரு வான்கோழி சுட்டதில்லை. போன வருஷம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். அவர் வறுத்த துண்டு ஒன்றைக் குழம்பில் புரட்டிக்கொண்டே யோசித்தார்.

"யாரு சுட்டா என்ன சகல? சண்டைக்கு வந்தது என்கூடத்தானே."

"தம்பி, உங்க தட்ட எடுத்துட்டு அந்தப் பக்கம் தள்ளுங்க. வாயத் திறக்கறாரு பாருங்க" என்று ரோண்டா குழம்புக் கிண்ணத்தை அவர் முன்னாலிருந்து நகர்த்தினாள்.