செல்லத்தாய் அக்காவின் கன்னம்

மடவார் வளாகம் கோயிலில் ஒரு கல்யாணம். என் மகள், செல்லத்தாய் அக்காவைப் போனில் படம் எடுத்துக் காட்டினாள். கன்னத்துத் தழும்பைக் காணோம். போன் தானாகவே முகத்தை வழுவழுப்பாக்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தொண்ணூறுகளில் நான் சென்னையில் பத்திரிகைப் புகைப்படக் கலை படித்தேன். நடந்ததை நடந்தபடி எடுப்பதுதான் பாடம். விடுமுறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்காவின் கன்னத்தில் ஏழு தையல். ராஜபாளையத்து மில்லில், தறியில் நூலோடு குறுக்கே ஓடும் இரும்புமுனை நாடாக்கட்டை தெறித்துக் கிழித்துவிட்டது. மில்லிலோ அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சாதித்தார்கள். காயம் தெரியப் படம் எடுத்தேன். ஃபிலிமை ராஜபாளையம் ஸ்டூடியோவில் கொடுத்து, படத்தை அக்காவிடம் தரச் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினேன்.

அக்கா கவரை வாங்கி, பிரிக்காமலே மில் மேனேஜரிடம் நீட்டியிருக்கிறாள்.

“காயம் எங்கம்மா?” என்று அவர் படத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறார். வேலையும் போயிற்று.

அடுத்த விடுமுறையில், படம் கழுவும் ஹைப்போ நெடியடித்த அந்த ஸ்டூடியோவில் நின்று கத்தினேன். காலமெல்லாம் பெண் பார்க்கும் படம் எடுத்தவர் அந்த ஸ்டூடியோக்காரர். நெகட்டிவைக் கத்தியால் சுரண்டி, பென்சில் பூசி, ஒவ்வொரு தையலாக மறைத்திருந்தார்.

“பொம்பளப்புள்ள மொகமாச்சேம்மா. நாளைக்கு மாப்பிள்ள வீட்ல காட்டணும்லா?” என்றார், நல்லது செய்துவிட்ட முகத்தோடு.

இப்போது மகளை அதட்ட வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“ஏட்டி, தழும்பு தெரிய இன்னொன்னு எடு. ‘காயம் எங்கம்மா’ன்னு கேட்டவன் பந்தியில உக்காந்திருக்கான். அவனுக்குக் காட்டணும்.”