துணை யாரு?

எங்கள் சங்கத்தில் பதவியின் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. செயலாளர் என்றால் 'செயல்', பொருளாளர் என்றால் 'பொருள்', துணைத்தலைவர் என்றால் வெறும் 'துணை'. "பொருள் ஏன் வரலை?" என்று ஒருவர் கேட்டால், "பொருளுக்குப் பல்வலி லா" என்று எங்கள் ஊர்ப் பேச்சின் வாலான 'லா'வோடு பதில் வரும். புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். நான் பன்னிரண்டு வருஷமாகச் 'செயல்'. இந்த முறை எப்படியாவது 'துணை' ஆகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்று மழுப்புவானேன், வெறி.

அமெரிக்காவில் அதிபரும் துணை அதிபரும் ஜோடியாக நிற்பதை டிவியில் பார்த்துவிட்டு, யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் விதியையும் மாற்றிவிட்டார். தலைவருக்கு நிற்கிறவர் தன் துணையின் பெயரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு எங்கள் அணிக்குள்ளேயே தலைவர் பதவிக்கு இரண்டு பேர். அவர்களில் யார் நிற்பது என்று அணிக்குள் முதலில் ஓர் ஓட்டெடுப்பு. ஒருவர் வக்கீல், தன் துணையை அறிவித்துவிட்டார். இன்னொருவர் பஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எங்கள் எல்லாருக்கும் 'அண்ணன்'. அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே தேக்கா மார்க்கெட்டின் சாப்பாட்டுக் கடைகளில் நாங்கள் சந்தித்தபோதெல்லாம் ஒரே பேச்சுதான்: துணை யாரு?

"கோயில் ஓட்டெல்லாம் அண்ணன் பாக்கெட்ல," என்று பொருளாளர் பால் இல்லாத டீயான தே ஓவைக் கலக்கிக்கொண்டே கணக்குப் போட்டார். "சர்ச் ஓட்டுதான் இடிக்குது. அங்கேருந்து ஒரு ஆளைப் பிடிச்சா முடிஞ்சுது."

"அப்ப நான்?" என்றேன்.

"நீங்க இல்லாம சங்கம் நடக்குமா அக்கா? நீங்க செயலாவே இருக்கணும் லா."

புகழ்ந்தே ஆளைக் கவிழ்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் 'சர்ச்' என்ற சொல் என் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது. சரக்கு அனுப்பும் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பத்திரங்களைச் சரிபார்த்தவள் நான். பெட்டியில் பிஸ்கட் என்று எழுதியிருந்தால் உள்ளே வேறு என்ன இருக்கும் என்றுதான் என் புத்தி போகும்.

சர்ச்சில் எனக்குத் தெரிந்தவள் ஒருத்திதான், என் தோழி. பக்கத்து அடுக்குமாடி புளோக். கணவர் போய் ஒன்பது வருஷம். சர்ச்சில் பாடுகிறவள், அங்கே அவளைத் தெரியாதவர்கள் இல்லை. நான்தான் வற்புறுத்தி அவளைச் சங்கத்தில் சேர்த்தேன். பொங்கல் விருந்துக்கு மட்டும் வருவாள். "கூட்டம்னா எனக்குக் கொட்டாவிதான்டி வருது" என்பாள். இருபது வருஷமாகச் சனிக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்துதான் தேக்காவுக்கு மீன் வாங்கப் போவோம்.

அந்த வருஷப் பொங்கல் விருந்தில் மாடிப்படி ஓரமாக அண்ணன் அவளிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் இருவரும் கப்சிப். அவள் காது சிவந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் மீன் வாங்க வரவில்லை. பாதரைப் பார்க்க வேண்டுமாம். ஓஹோ, சர்ச் ஓட்டுக்கு அடி போடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் உட்கார்ந்து, "மகள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்," என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தவள், திரும்பி என்னைப் பார்த்ததும் பட்டென்று வைத்துவிட்டாள். சங்கப் பதவிக்கு மகளிடம் என்ன அனுமதி? அப்போதே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பொறாமை பிடித்த புத்திக்கு எதுதான் உறைக்கும்?

கடைசியாகச் சேலை. சிராங்கூன் ரோட்டுக் கடையில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டு எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"பத்துப் பேர் முன்னால இதைக் கட்டிக்கிட்டு நின்னா அசிங்கமா இருக்காதே?"

"யார் அந்தப் பத்துப் பேர்?" என்று கேட்டேன். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். எதிரி செய்தால் கோபம் வரும். கூடவே இருந்தவள் செய்தால் வயிறு எரிகிறது.

அடுத்த சனிக்கிழமை, மீன் பைகளைக் காலடியில் வைத்துவிட்டுத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் உடைத்தேன்.

"அண்ணன் உன்கிட்ட என்ன கேட்டார்? மறைக்காம சொல்லு."

அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்தே வருஷங்கள் ஆகியிருந்தன. "உனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத் துணையா வர முடியுமான்னு கேட்டார். யோசிச்சு சொல்லுங்கன்னார்."

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நான் பன்னிரண்டு வருஷம் மினிட்ஸ் எழுதியிருக்கேன், நாற்காலி தூக்கியிருக்கேன். நீ பொங்கலுக்கு வந்து வடை தின்னுட்டுப் போறவ. சர்ச் ஓட்டுக்காகத்தான் அவர் உன்னைப் பிடிக்கிறாரு, அதுகூடப் புரியலையா உனக்கு? நீ எல்லாம் ஒரு துணைத்தலைவரா?"

"என்ன தலைவர்?"

"துணைத்தலைவர்! சங்கத்துல துணைன்னா அதுதானே!"

அவள் கை சாம்பாரிலேயே நின்றுவிட்டது. "இல்லடி," என்றாள். "துணைன்னுதான் கேட்டார்."

அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பாதர், மகள், பட்டுச் சேலை. மதம் மாறாமலே அண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் அவள் பாதரிடம் போயிருக்கிறாள். மேடையில் ஓட்டுக் கேட்க வாங்கிய சேலை இல்லை அது. ஐயோ, அந்த மனுஷன் வார்த்தையில் பாதியை முழுங்கிவிட்டார். மீதியை நான் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் காதில் விழக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

"பாதர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள் தோசையைப் பார்த்தபடி. "மகள்கிட்டயும் சொல்லிட்டேன். அவ போன்லயே அழுதுட்டா. சந்தோஷத்துல."

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை, ஆனால் பிடிக்கவும் இல்லை. என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் கேட்டது பதவிக்குத்தான். அப்படிச் சரியாக இருந்ததற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் எனக்குப் போன் செய்தார். "தங்கச்சி, உங்க ஃபிரண்டு முடியாதுன்னுட்டாங்க. ஏன்னும் சொல்லலை. நாளைக்குள்ள பேர் குடுக்கணும். நீங்க துணையா வர்றீங்களா?"

"முழுசாச் சொல்லுங்க அண்ணே."

"என்னது?"

"அந்த வார்த்தையை முழுசாச் சொல்லுங்க."

"துணைத்தலைவர் லா," என்றார் குழம்பிப்போய். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியப்படுத்தினால் அவள் மானம் போய்விடும். பன்னிரண்டு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி அது. வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வாரம் அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வழக்கமான பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். கையில் மீன் பையோடு வந்தாள். மயில் கழுத்து நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள்.

"மீன் வாங்கவா பட்டு?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான்லா," என்றாள். பஸ் வந்தது. ஈரத்தில் படாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாள்.