கிரைண்டர் கடைப் பலகையில் அம்மா

குரோம்பேட்டை மேம்பாலத் தூணில் புதிதாக ஓர் ஓவியம். ஒரு பெண் ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறாள். முகத்தில் அவ்வளவு சோகம். பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எண்பதுகளில் பம்மலில் பக்கத்து வீட்டு சேகர் அண்ணனுக்கு முதல் போர்டு வேலை கிடைத்தது. கிரைண்டர் கடைக்காக, கல்லோடு கஷ்டப்படும் பெண்ணை வரைய வேண்டும். சரியாக வராவிட்டால் மறுபடி தோல் பதனிடும் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். தையல் கம்பெனி வேலை முடிந்து வந்த என் அம்மாவைக் கல்லின் முன் உட்காரச் சொன்னார்.

"நடிச்சா போதும்க்கா."

"வெறுங்கல்லை எப்டிடா சுத்தறது?" என்று அம்மா ஊறிய அரிசியைப் போட்டார். அதைப் பார்த்த எதிர்வீட்டு மேரி அக்காவும் தன் உளுந்தோடு வந்துவிட்டார். மாவு வாசனை, தெருக்கதை, ஓயாத சிரிப்பு. அண்ணன் கண்ணில் பட்டதை அப்படியே வரைந்துவிட்டார்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாப்பா இது? கல்லுலயே இப்டி சிரிச்சா, எவன் கிரைண்டர் வாங்குவான்?"

அண்ணன் முகம் வாடிப்போனது. பிறகு கல்லை மட்டும் அழித்து, அந்த இடத்தில் கிரைண்டரை வரைந்தார். கடைக்காரருக்குப் பரம திருப்தி. தன் தம்பி கடைக்கும் அவரையே பலகை எழுதச் சொன்னார்.

பலகை மாட்டிய மறுநாளே தெருப் பெண்கள் அரிசிப் பாத்திரங்களோடு எங்கள் வாசலில் நின்றார்கள்.

"கிரைண்டர் வாங்கிட்டு சொல்லவே இல்லியேக்கா! எங்க கீது?"

அம்மா கல்லைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அங்க சிரிக்கிறது மட்டும்தான்டி. அரைக்கிறது இங்க. வந்து உக்காருங்க."