நோரீன் தொடாத மட்டை

நோரீனின் வீட்டுச் சுவரில் அந்த மட்டைக்கென்று ஓர் ஆணி இருந்தது. மட்டைதான் இல்லை.

அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஊரான ஒனொண்டாகாவில் ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில், வலையில் பந்தை ஏந்தி ஆடும் அவர்களின் பூர்வீக ஆட்டமான லக்ராஸின் சின்ன மட்டை ஒன்றை வைப்பார்கள். அவன் செத்தால் சவப்பெட்டிக்குள் அவனுடைய பெரிய மட்டையை வைப்பார்கள். மேலுலகில் படைத்தவனின் மைதானத்தில் ஆட வெறுங்கையோடு போய் நிற்க முடியாதல்லவா? பெண்கள் மர மட்டையைத் தொடுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நோரீன் அந்த ஆணிக்குக் கீழே கூட்டிப் பெருக்கியிருக்கிறாள். ஒருநாளும் மட்டைமேல் அவள் விரல் பட்டதில்லை.

அவள் கணவன் ஹார்லன் வாரநாட்களில் இரும்புச் சட்டங்களின்மேல் ஏறிக் கட்டட வேலை பார்த்தான், சனிக்கிழமைகளில் லீக்கில் ஆடினான். தொழில்முறை லீக் என்று பெயர் மட்டும் பெரிதாக இருந்த காலம் அது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் மாமியார்கள். நோரீன் வண்டியின் பின்கதவைத் திறந்து, சோளச் சூப்பு அண்டாவை இறக்கி, இரண்டு அணிக்கும் ஊற்றுவாள்.

"தோத்தவனுக்கு ரெண்டு கரண்டி. காலஹன், நீ மூணு வாங்கிக்க. என் புருஷன் உன்னை அந்த அடி அடிச்சிருக்கான்."

"அவன் அடியையே இந்த சூப்புக்காகத்தான் வாங்கிக்கறேன்," என்பான் எதிரணியில் ஆடும் லாங் ஐலண்டுக்காரனான காலஹன்.

லீக்கில் எல்லாரும் உலோகக் கழியும் பிளாஸ்டிக் தலையுமாக ஆடினார்கள். ஹார்லனின் ஹிக்கரி மர மட்டை ஊர்ச் சடங்காட்டத்துக்கு மட்டும்தான். லீக் இழுத்து மூடப்படும் நிலைக்கு வந்த ஒரு வருடம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. இந்த ஆட்டம் யாருடையது என்று சனங்களுக்குக் காட்ட வேண்டும், பழைய மட்டை ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். ஹார்லன் ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டான்.

"கையைக் கழட்டிக் குடுன்னாலும் குடுத்துடுவ போல," என்று நோரீன் கத்தினாள்.

"ஆட்டம் வளரட்டும் நோரீன். கேட்டா திருப்பிக் குடுப்பாங்க."

வளர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வளர்ந்தது. தொலைக்காட்சி வந்தது, பெரிய அரங்கங்கள் வந்தன, ஆட்டக்காரர்கள் வேறு வேலைக்குப் போகாமலே பிழைக்க முடிந்தது. மட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர் ஊராகப் போனது. ஹார்லன் முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்தான். திருப்பிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

பிறகு நுரையீரலில் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மட்டை.

இறுதிப் போட்டி முடிந்ததும் பார்சலில் அனுப்புகிறோம் என்றது அலுவலகம்.

"அது பார்சல் இல்ல," என்று சொல்லிப் போனை வைத்தாள் நோரீன்.

ஹார்லனைத் தூக்கிப் படுக்க வைக்க அவன் தம்பி ரோஸ்கோ பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அதனால் இறுதிப் போட்டி நடக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கு அவள்தான் வண்டி ஓட்டினாள். பெட்ரோல், வழி, போர்த்த ஒரு போர்வை எல்லாவற்றையும் இருவரும் யோசித்திருந்தார்கள். மட்டையை யார் தூக்குவது என்று மட்டும் யோசிக்கவில்லை. அவர்கள் வீட்டில் அதற்கு எப்போதும் ஓர் ஆண் இருந்தான்.

அரங்கத்துக்குள் கூட்டம் இரைந்தது. அலுவலகப் பெண் நல்ல மனசோடு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, "எடுத்துக்கங்கம்மா," என்றாள்.

நோரீனின் கை எழவில்லை. இத்தனை தூரம் வந்து, கைக்கெட்டும் இடத்தில் அது கிடக்க, அவள் அழுதுவிட்டாள். அந்தப் பெண்ணே எடுக்க எட்டினாள். "வேணாம்மா, நீயும் தொடாதே," என்று நோரீன் பதறினாள்.

"சூப்பு எங்கே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலை நரைத்த காலஹன். இப்போது அவன் ஓர் அணிக்குப் பயிற்சியாளன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேலி நின்றது.

"ஹார்லனா?"

அவள் தலையசைத்தாள். காலஹன் தொப்பியைக் கழற்றிவிட்டு, மட்டையை இரு கையாலும் எடுத்துக்கொண்டு வண்டிவரை நடந்தான். பின்னிருக்கையில் போர்வைமேல் கிடத்தினான்.

"அவன்கிட்ட சொல்லு, என் விலா இன்னும் வலிக்குதுன்னு."

அவள் வீடு சேர்ந்தபோது ஹார்லனுக்கு நினைவு இருந்தது. ரோஸ்கோ மட்டையைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தான். ஹார்லன் கட்டைவிரலால் கழியைத் தடவிக்கொண்டே வந்தவன், நடுவில் நிறுத்தினான். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருத்துவதற்காக மரத்தைத் துளைத்து இரண்டு திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். திருகாணியைக் கழற்றிய ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"பாவிங்க," என்றான் ரோஸ்கோ. "ஹிக்கரி ஆப்பு செதுக்கி அடைச்சிடறேன் அண்ணே."

"வேணாம்," என்றான் ஹார்லன். மூச்சு வாங்கியது. "அங்க அப்பா கேப்பாரு, இது என்னடா ஓட்டைன்னு. நம்ம ஆட்டத்தை ஊரெல்லாம் பாக்குது, அதுக்கு ஆன செலவுன்னு சொல்லிக்கறேன்."

நோரீனுக்குத் துக்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்த லீக்கை மனதாரச் சபித்தாள். அது வளர்ந்ததில் அவனுக்கிருந்த பெருமையை மட்டும் அவளால் சபிக்க முடியவில்லை.

அறுவடைக்கு முன்பே அவன் போய்விட்டான். ஆண்கள் மட்டையைச் சவப்பெட்டிக்குள் வைத்து, அவன் விரல்களைக் கழியின்மேல் மடக்கினார்கள். மூடுவதற்கு முன் நோரீன் குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மரத்தைத் தொடவில்லை.