ஒத்துக்கறாருங்க

கேஸுக்குக் குற்றவாளியாக நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று வந்தபோது முதலாளி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக டிரைவரைப் பார்த்தார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், பொள்ளாச்சிப் பக்கத்துக் கொப்பரைக் களம் ஒன்றில் லாரி கிளீனராக இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் சூலூரில் விசைத்தறி, சத்தியமங்கலத்தில் கரும்பு வெட்டு, கோயம்புத்தூரில் ஒரு பரோட்டாக் கடை என்று போன இடமெல்லாம் கொஞ்ச நாளில் கால் அரித்துவிடும். களம்தான் என்னைக் கொஞ்சம் பிடித்து வைத்தது. தேங்காயை உடைத்து, வெயிலில் காயவைத்து, கொப்பரையாக எண்ணெய் ஆலைக்கு அனுப்புவது முதலாளியின் தொழில். நான் லாரி மேலேயே படுத்துக்கொள்வேன். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். அதில் எனக்குக் குறை இல்லை. அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன்.

குறையெல்லாம் டிரைவர் மேல்தான். என் வயசுக்காரன், எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவன். வந்த கொஞ்ச நாளிலேயே முதலாளி அவனைக் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தார். "கண்ணு, உண்டயா?" "கண்ணு, வண்டியை எடு." நான் வெறும் "ஏப்பா கிளீனர்"தான். முதலாளியம்மா அவனுக்குச் சமையல்கட்டு வாசலில் இலை போடுவார். எனக்கு அதே சோறு தூக்குப்போசியில் லாரிக்கு வரும், குழம்பும் ரசமும் ஒன்றாகக் கலந்து. அவனுக்கு ரசம் தனியாக ஊற்றினார்களா என்று எட்டிப் பார்ப்பது எனக்குத் தினசரி வேலை. தனியாகத்தான் ஊற்றினார்கள்.

அவனிடம் இருந்தது மரியாதை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் ங்க போட்டுத்தான் பேசுவார்கள், ஆனால் அவன் அதைக் கொஞ்சம் மிஞ்சிப் போவான். முதலாளியின் மகன் அவனைவிட இளையவன். காலேஜ் முடித்துவிட்டுக் கேபிள் டிவி பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தான். அவன் காதில் விழாத தூரத்திலும் டிரைவருக்கு அவன் சின்னவர்தான். "சின்னவரு எந்திரிச்சுட்டாருங்க, சின்னவரு பல்லு வெளக்கறாருங்க." ஒருநாள் முதலாளி வீட்டு நாய் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "கட்டலுக்கு அடியில படுத்திருக்காருங்க" என்று சொல்லிவிட்டான். தேங்காய் உடைக்கிற பெண்கள் சிரித்த சிரிப்பில் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து ஒரு அம்மாள் தினமும் கேட்பாள்: "ஏனுங்க டிரைவரே, நாயாரு இன்னைக்குச் சோறு உண்டாருங்களா?"

அவனும் சிரிப்பான். "உண்டாருங்க, உண்டாருங்க."

அவனுக்கு ஒரு ஆசை இருந்தது. களத்தை ஒட்டி முதலாளிக்கு ஒரு ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு அறை, வாசலில் குழாய், பின்னால் ஒரு முருங்கை. டிரைவர் மனைவியையும் கைக்குழந்தையையும் மச்சினன் வீட்டில் விட்டுவைத்திருந்தான். அங்கே அவன் மனைவி தினம் ஏதாவது பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த வீடு கிடைத்தால் போதும் என்பான். நானும் அந்த வீட்டின் மேல் கண் வைத்திருந்தேன். ஒண்டிக்கட்டைக்கு வீடு எதற்கு என்று கேட்கலாம். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு படுக்கிற சுகம் எனக்கும் வேண்டியிருந்தது.

ஒரு சந்தை நாள் மத்தியானம், முதலாளி மகன் லாரியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று வந்து நின்றான்.

"பிரேக்கு செரியில்லீங்க" என்றான் டிரைவர். "பெரியவருகிட்டச் சொல்லிப்போட்டேன். சீசன் முடியட்டும்னு சொன்னாருங்க."

"மெதுவாத்தான் போறேன். அக்கட்ட நகரு."

அவன் நகர்ந்து நடுவில் உட்கார்ந்துகொண்டான். நான் ஜன்னலோரம். ஊருக்குள் நுழைகிற திருப்பத்தில், சந்தையில் வாங்கிய கிடாரிக் கன்றை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார். ஹாரன் சத்தத்துக்குக் கன்று மிரண்டு நடுரோட்டில் நின்றுவிட்டது. அவர் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றார். மகன் பிரேக்கை மிதித்தான். லாரி நிற்கவில்லை. முன்சக்கரம் அவர் காலில் ஏறியது. கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஓரமாகப் போய்ப் புல்லை மேய்ந்தது.

மகன் இறங்கிவிட்டான். டிரைவர்தான் அவரை அதே லாரியில் தூக்கிப் போட்டு, கியரிலேயே வேகத்தை அடக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே லாரியை எல்லாரும் பார்த்தபோது ஸ்டீயரிங்கில் இருந்தது அவன்தான்.

பொழுது சாய்வதற்குள் முதலாளி களத்தில் எங்களைக் கூப்பிட்டார். மகனும் பக்கத்தில் நின்றான்.

"கண்ணு, நீயே நின்னுரு. லாரி லைசென்ஸு உங்கிட்டத்தான் இருக்குது. இவன் ஓட்டுனான்னா இன்சூரன்ஸுக்காரன் கையை விரிச்சுருவான். சூலூர்ல பொண்ணு பேசி வெச்சிருக்குது, கேஸுன்னா அவங்களும் ஓடிப்போயிருவாங்க. அபராதத்தோட போயிரும்னு வக்கீலு சொல்லறாரு."

"செரிங்க."

"அம்மாகிட்ட அந்த ஊட்டுச் சாவியை வாங்கிக்க."

என் வாய் தானாகத் திறந்தது. "ஏனுங்க, வேணும்னா நான் நிக்கறனுங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கிட்ட என்ன லைசென்ஸு இருக்குது? சைக்கிளுக்கா?"

மகன் சிரித்தான். அன்றைக்கு மத்தியானம் ஒரு மனுஷன் காலில் லாரியை ஏற்றியவன்.

ஜெயில் வந்தாலும் டிரைவருக்குத்தானே வரும் என்று யோசித்துப் பார்த்தேன். அப்படியும் பொறாமை குறையவில்லை. ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். "டேய் மாப்ளே, எதுக்கு வெளிய நிக்கற? உள்ள வாடா" என்று டிரைவர் என் கையைப் பிடித்து இழுத்தான். உத்தரத்தில் சேலைத் தொட்டில் ஆடியது. அவன் மனைவி எனக்கு ரசம் தனியாக ஊற்றினாள். எனக்கு இறங்கவில்லை.

கால் போனவர்மேலும் பொறாமைப்பட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதலாளி வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் களத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கறுப்புக் குடையும் கொடுத்து, காக்காய் ஓட்டச் சொல்லி உட்காரவைத்தார். அதற்குப் பதிலாக, யார் ஓட்டியது என்று பார்க்கவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். அவரும் சொன்னார். அவருக்கு ஒரு நாற்காலி, இவனுக்கு ஒரு வீடு. கூட உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த எனக்குத் தார்ப்பாய்.

யார் மேல் தப்பு என்று களத்துப் பெண்கள் தேங்காய் உடைத்துக்கொண்டே பேசுவார்கள். நடந்தது அவர்களுக்கும் தெரியும்.

"ஓட்டுனவனத்தான் புடிக்கோணும்."

"பிரேக்கு பாக்காத மனுசன உட்டுப்போடலாமாக்கும்?"

"அது தெரிஞ்சும் வண்டியக் குடுத்தானே இந்த டிரைவரு, அவனுக்கு?"

"மொதலாளி பையன் கேட்டா, முடியாதும்பயா நீயி? நாயாருக்கே மரியாதை குடுக்கறவன் அவன்."

"நீயே தீர்ப்புச் சொல்லு அம்மணி, கறுப்புக் கோட்டு வாங்கித் தாரேன்."

நான் நடுவில் கேட்டேன்: "நானும் வண்டியிலதான இருந்தேன்?"

"உன்ற மேல என்னப்பா இருக்குது" என்றாள் மூத்தவள். "நீ சும்மா உக்காந்திருந்த."

போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் நானும் சாட்சியாக இருந்தேன். டிரைவர் ஓட்டியதைப் பார்த்தேன் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். அதுவும் ஒப்புக்குத்தான். "அவன் குத்தத்தை ஒத்துக்கிட்டா சாட்சியே வேண்டாம், நீ வேலையைப் பாரு" என்றார் வக்கீல் குமாஸ்தா. பொய் சொல்வதற்குக்கூட நான் தேவைப்படவில்லை.

கோர்ட்டுக்குப் போன அன்று வேடிக்கை பார்க்க நானும் போனேன். குமாஸ்தா டிரைவருக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தார். ஒத்துக்கறனுங்க. அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். மாஜிஸ்திரேட் வேறு ஜில்லாக்காரர், அவர் பேச்சில் ங்க கிடையாது. அஜாக்கிரதையாக லாரியை ஓட்டி ஒருவரைக் கொடுங்காயப்படுத்தியதாக இருந்த குற்றச்சாட்டைப் படித்துக்காட்டிவிட்டு, "குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார்.

டிரைவர் ஒரு தரம் பின்னால் திரும்பி, பெஞ்சில் இருந்த முதலாளி மகனைப் பார்த்தான். கையைக் கூப்பினான்.

"ஒத்துக்கறாருங்க."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "யார் ஒத்துக்கொள்கிறார்?"

"அவருங்க... இல்லீங்க, நானுங்க."

"லாரியை ஓட்டியது யார்?"

"நாந்தானுங்க ஓட்டுனாருங்க."

கோர்ட்டே சிரித்தது. டவாலிச் சேவகர் வாயைப் பொத்திக்கொண்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒத்துக்கொள்ளலை மாஜிஸ்திரேட் எழுதிக்கொள்ளவில்லை. சாட்சிகளை விசாரிக்க வேண்டும் என்று கேஸைத் தள்ளிப் போட்டார்.

தன்னைப் பற்றி என்று நினைத்துப் பேசியிருந்தால் அவனுக்கு நாக்கு சரியாக வந்திருக்கும். அந்தச் செயலே அவனுக்குச் சின்னவருடையது. மரியாதை இல்லாமல் அதைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் முதலாளி அவனைத் திட்டவில்லை. "போச்சாது உடு, போனாப் போகுது" என்றார். பிறகு என் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போனார்.

"கண்ணு" என்றார் என்னை. "நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும் கண்ணு. அவன்தான் ஓட்டுனான்னு."

அந்த வாரம் சமையல்கட்டு வாசலில் எனக்கும் இலை விழுந்தது. சாப்பிட்டேன். ரசத்தைத் தனியாக ஊற்றிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு முதலாளியிடம் நேராகவே கேட்டேன்: "எனக்கு ஊடுங்க?"

"இருக்கறது ஒண்ணு. அவன் குடும்பஸ்தன். உனக்கு என்னத்துக்கு?"

விசாரணைக்கு முந்தின நாள் டிரைவர் லாரிக்கு வந்தான். சக்கரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, "டேய் மாப்ளே, எனக்காவச் சொல்லிப்போடு. தண்டனை வந்தா எனக்குத்தான வருது, உனக்கென்ன? ஊடு போச்சுன்னா என்ற புள்ளையத் தூக்கிட்டு மறுபடியும் மச்சினன் வாசல்ல நிக்கோணும்டா" என்றான். செரி என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கால் போனவர் முதலில் கூண்டில் ஏறி, பார்க்கவில்லை என்றார். அடுத்தது நான். எதிர்ப்பக்கம் டிரைவர் நின்றான். அவன் அரைஞாண் கயிற்றில் வீட்டுச் சாவி தொங்கியது. சட்டைக்குக் கீழே அது ஆடிக்கொண்டிருந்தது. யார் ஓட்டியது என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். நான் சாவியைப் பார்த்தேன்.

"சின்னவரு ஓட்டுனாருங்க" என்றேன். என் வாயிலும் மரியாதையோடுதான் வந்தது. "டிரைவரு நடுவுல உக்காந்திருந்தான். பிரேக்கு இல்லைனு பெரியவருகிட்ட அவன் முன்னாலயே சொல்லியிருந்தானுங்க. பெரியவரு..."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்" என்றார் வக்கீல். போலீஸில் சொன்னதற்கு மாறாகச் சொல்கிறேன் என்று என்னைப் பிறழ்சாட்சி என்று எழுதினார்கள். நான் அந்தக் கோர்ட்டில் சொன்னது நிஜம். என்னைச் சொல்ல வைத்தது அந்தச் சாவி. எதற்காகச் சொல்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

டிரைவர் விடுதலை. ஓட்டியது அவன் என்பதில் சந்தேகம் இருக்கிறது என்றார் மாஜிஸ்திரேட். வேறு யார் ஓட்டியது என்று போலீஸ் பார்க்கட்டும் என்றும் சொன்னார். அதற்கப்புறம் யாரும் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை. மகனுக்குக் கல்யாணம் சூலூரில் நடந்தது என்று கேள்விப்பட்டேன். பிரேக்கை மட்டும் உடனே சரி செய்தார்கள். கால் போனவரின் நாற்காலியை எடுக்கவில்லை. எடுத்தால் வேறு மாதிரிப் பேசிவிடுவார் என்ற பயம் முதலாளிக்கு இருந்திருக்கும்.

வீட்டுச் சாவியை மட்டும் மறுநாளே திருப்பிக் கேட்டார்கள்.

நான் அங்கே போனபோது டிரைவர் தொட்டிலை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தான். வாசலில் பாத்திர மூட்டை கிடந்தது. அதைத் தூக்கக் குனிந்தேன்.

"உடுங்க" என்றான். "நாங்களே எடுத்துக்கறமுங்க."

"டேய், என்னடா இது..."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

குரலில் கோபம் இல்லை. முதலாளியிடம் பேசுகிற அதே குரல். அந்த மரியாதையை அவன் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறான், எனக்கு மட்டும்தான் கொடுத்ததில்லை. எனக்கு அவனிடமிருந்து கிடைத்துக்கொண்டிருந்தது என்ன என்று அந்த மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்தபடி நின்றபோதுதான் தெரிந்தது.

உள்ளே குழந்தை அழுதது. அவன் மனைவி யார் வந்திருக்கிறது என்று கேட்டாள்.

"கிளீனரு வந்திருக்காரு அம்மணி" என்றான். "போறாரு."

நான் போனேன். மெயின் ரோட்டில் முதலில் வந்த பஸ் கோயம்புத்தூருக்குப் போனது. ஏறிக்கொண்டேன்.